223 பட்ட பன்றி எழுந்து ஓடிவிட்டது: தப்பு குண்டிலா, என்னிடமா?

கொங்குப்பையன்_ஆஸ்டின்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

டெக்சஸில் சான் அன்டோனியோவுக்குத் தெற்கே நண்பனின் மாமனாருக்குப் பண்ணை இருக்கிறது. மக்காச்சோளக் காட்டைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போகின்றன. உழுது என்று சும்மா சொல்லவில்லை, காலையில் போய்ப் பார்த்தால் ரோட்டவேட்டர் ஓட்டின மாதிரி இருக்கும். "எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதி இருந்தால் பன்றிக்கு வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்பதால் நானும் கிளம்பிவிட்டேன்.

போன மாதம் இரண்டு பன்றிகள் கைவிட்டுப் போயின. குறி தப்பவில்லை. பட்ட சத்தமே கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி. முதலாவது 120 கெஜத்தில் நின்ற பெட்டை, 130 பவுண்டு இருக்கும். உட்கார்ந்தது, எழுந்தது, ஓடியே போய்விட்டது. டார்ச் அடித்து நாற்பது நிமிடம் தேடியதில் மெஸ்கீட் இலை ஒன்றில் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். (மெஸ்கீட் என்றால் நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. முள்ளும் அதே முள்தான், முழங்கை பூரா கோடு.) மறுநாள் கழுகு வட்டமிட்ட இடத்தில் கிடந்தது, 300 கெஜம் தள்ளி. இரண்டாவது ஒரு பெரிய ஆண். அதன் சுவடே தெரியவில்லை.

துப்பாக்கி ஏ.ஆர். (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற ரைஃபிள்), 16 அங்குலக் குழல், 223 தோட்டா. சரி, கேள்வி இதுதான்: அதைவிடப் பெரிய 308 தோட்டாவுக்கு மாறிவிடலாமா?

---

பழைய ரவை

மாறுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல் தம்பி. என்ன குண்டு போட்டாய்? உடம்பில் எந்த இடத்தைப் பார்த்து அடித்தாய்?

---

கொங்குப்பையன்_ஆஸ்டின்

55 கிரெய்ன் எஃப்.எம்.ஜே. அண்ணா. கடையில் 500 கொண்ட பெட்டியாக மலிவாகக் கிடைத்தது. "பன்றிக்குப் போதுமா" என்று கேட்டேன், கவுன்ட்டரில் இருந்தவர் "தாராளமா" என்றார். குறி, மானுக்கு வைக்கிற மாதிரி, முன்சப்பைக்கு ஒரு சாண் பின்னால், உடம்பின் நடுவில்.

---

பழைய ரவை

அப்படியானால் இரண்டு தப்பு. இரண்டுமே துப்பாக்கியின் தப்பு இல்லை.

முதலில் குண்டு. எஃப்.எம்.ஜே. என்றால் ஈயத்தை மூக்கிலிருந்து செம்பு உறை முழுசாக மூடியிருக்கும். அது விரிவதற்குச் செய்த குண்டே இல்லை. 55 கிரெய்ன் என்பது மூன்றரை கிராம். அது உடம்புக்குள் என்ன செய்யும் என்பது வேகத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 2700 அடிக்கு மேல் வேகத்தோடு நுழைந்தால் உள்ளே குறுக்கே திரும்பும்போது, உறையில் வரி போட்ட இடத்தில் முறிந்து சிதறும். அதற்குக் கீழே வந்துவிட்டால் முறியாது. குட்டிக்கரணம் போட்டு மறுபக்கம் போய்விடும், அல்லது எங்கேயாவது கிடக்கும்.

பெட்டியில் 3240 அடி என்று போட்டிருப்பார்கள். அது 24 அங்குலக் குழலில் அளந்தது. உன்னுடையது 16 அங்குலம். அங்குலத்துக்கு 25 அடி வீதம் கழித்தாலும் குழல் வாயிலேயே 3040தான். 120 கெஜம் போவதற்குள் அது 2700க்குக் கீழே வந்திருக்கும். ஆக அந்தப் பெட்டை வாங்கியது பென்சில் துளை. அதன்மேல் கொழுப்பு நகர்ந்து மூடிக்கொண்டது. ரத்தம் உள்ளேயே தேங்கிவிட்டது. இரண்டு சொட்டு கிடைத்ததே பெரிய விஷயம்.

இரண்டாவது தப்பு குறி. அதை ராத்திரி எழுதுகிறேன், இப்போது மீட்டிங்.

---

ஹூஸ்டன்_செல்வம்

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? 308 வாங்குங்க தம்பி, விஷயம் முடிஞ்சது. 223க்குக் குழல் வாயில் சக்தி சுமார் 1280 அடி-பவுண்டு. 308 150 கிரெய்ன் 2600க்கு மேல். இரண்டு மடங்கு. பன்றிக்கு பிசிக்ஸ் தெரியும்.

---

குயின்ஸ்லாந்து_கரும்பு

செல்வம் அண்ணே, அந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தவன்.

இங்கே ஆஸ்திரேலியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு தானே தோட்டா ஏற்றுகிற செமி-ஆட்டோ நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது, எல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்றுகிற போல்ட்தான். என்னிடம் இருப்பதும் 308. ஒரு தடவை சோளக்காட்டு ஓரத்தில் டார்கெட்டுக்கு வாங்கி வைத்திருந்த 168 கிரெய்ன் மேட்ச் குண்டையே போட்டு அடித்தேன். மூக்கில் துளை இருக்கிறதே, பட்டவுடன் விரிகிற ஹாலோ பாயின்ட்தானே என்று நினைத்தேன். அந்த ஊசித்துளை விரிவதற்காக வைத்தது இல்லை. உறையை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து மூடுவதால் நுனியில் மிச்சமாகிற வாய் அது. நல்ல 200 பவுண்டு ஆண், 80 கெஜம். குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது, இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழையாத துளை. பன்றி கரும்புக்குள் இறங்கிவிட்டது. காயம்பட்ட ஆண் பன்றியைத் தேடி ஆளுயரக் கரும்புக்குள் நுழைகிற சுகத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதே துப்பாக்கியில் சாதாரண 150 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (மூக்கில் ஈயம் வெளியே தெரிகிற, விரிகிற குண்டு) போட ஆரம்பித்த பிறகு 20 கெஜத்துக்கு மேல் நடந்ததில்லை.

---

ஹூஸ்டன்_செல்வம்

சரி, 308 + சாஃப்ட் பாயின்ட். திருத்திக்கொள்கிறேன். 😄

---

ரைன்கரை_ஈழவன்

இஞ்ச ஜெர்மனியில உந்த வாதமே எழும்பாது. காட்டுப்பண்டிக்குக் குறைஞ்சது 6.5 மில்லிமீட்டர் குண்டு, 100 மீட்டரில் 2000 ஜூல் சக்தி இருக்கவேணும் எண்டு வேட்டைச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. 223 விட்டத்திலயும் நிக்காது, சக்தியிலயும் நிக்காது. வாயிலேயே அதுக்கு 1750 ஜூல்தான் வரும்.

ஆனா சட்டம் விட்டத்தையும் சக்தியையும்தான் சொல்லுது. ஓடுற பண்டியில குண்டு எங்க படும் எண்டு அதுக்குத் தெரியாது. குளிர்காலத்தில நாய் விட்டுக் கலைக்கிற வேட்டையில நான் பாத்த காயப்பட்ட பண்டிகளில எல்லாமே சட்டப்படியான துவக்கால சுட்டதுதான். பின்தொடை, வயிறு, கீழ்த்தாடை. 9.3 மில்லிமீட்டர் பெரிய குண்டு போட்டாலும் வயித்தில பட்டா பண்டி போகும்.

இன்னொண்டு. நாங்கள் உயர்ந்த மேடையில இருந்து கீழ்நோக்கித்தான் சுடுவம், குண்டு மண்ணுக்குள்ள போகவேணும் எண்டதுக்காக. தம்பி, எஃப்.எம்.ஜே. பண்டியத் துளைச்சுப்போட்டுப் பின்னால என்ன நிக்குது எண்டு பாத்தனீங்களோ?

---

கொங்குப்பையன்_ஆஸ்டின்

பின்னால் மாட்டுப்பட்டி. நல்லவேளை அன்றைக்கு மாடு இல்லை. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

---

பழைய ரவை

ஈழவன் கேட்டது முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டியது. பின்னால் மாடு இல்லை என்றால் மட்டும் போதாது தம்பி, கூட்டமாக நிற்கும்போது முன்னால் நிற்பதைத் துளைத்துப் பின்னால் நிற்கிற குட்டியில் படும். ஒரே குண்டில் இரண்டு என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டாவது பெரும்பாலும் சாகாமல் ஓடி எங்கேயோ அழுகும்.

இப்போது குறி. மான் அடித்துப் பழகினவர்கள் எல்லோரும் பன்றியில் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

பன்றியின் ஈரக்குலை எல்லாம் மானை விட முன்னாலும் கீழேயும் இருக்கும். இதயம் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய முழங்கை மூட்டுக்கு நேராக. நுரையீரல் சப்பை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டு வராது. மானுக்குச் சப்பையின் பின்னால் ஒரு சாண் விட்டால் நுரையீரல். பன்றிக்கு அதே இடம் கல்லீரல், இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் குடல். கல்லீரலில் பட்ட பன்றி சாகும், ஆனால் உன் கண் முன்னால் சாகாது. உன் பெட்டை 300 கெஜம் போனதற்கு இதுதான் பாதிக் காரணம்.

முதுகுப்பக்கமும் ஏமாற்றும். பிடரிமயிர் சிலிர்த்து நிற்பதால் உயரமாகத் தெரியும், ஆனால் சப்பைக்கு மேலே முதுகெலும்பு கீழே தணிந்துதான் ஓடும். அதற்கு மேலே இருப்பது கறியும் மயிரும்தான். அங்கே பட்டால் பொத்தென்று விழும், நீ கைகொடுத்துக் கொண்டாடுவதற்குள் எழுந்து போய்விடும். முதுகெலும்புக்கு அதிர்ச்சி, அவ்வளவுதான், உள்ளே ஒன்றும் அறுபட்டிருக்காது.

பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின்கோட்டைப் பிடித்து நேரே மேலே வா, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்து. அங்கே அடி.

ஆனால் அந்த இடத்தில்தான் வயதான ஆணுக்குக் கேடயம் இருக்கும். மற்ற ஆணின் கோரைப்பல்லைத் தாங்குவதற்கென்று சப்பையின்மேல் வளர்கிற கெட்டித் திசு. போன வருஷம் நான் அறுத்த ஒன்றில் ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தது. புதிதாகத் தீட்டின கத்தி, பழைய டயரில் இறங்குகிற மாதிரி வழுக்கி வழுக்கிப் போனது. இதைக் குண்டு துளைக்காது என்று ஒரு கதை சுற்றுகிறது. தப்பு. உருப்படியான ரைஃபிள் குண்டு எதுவும் துளைக்கும். பிரச்சினை, மெல்லிய உறை போட்ட குண்டு அங்கேயே விரிந்து, சப்பை எலும்பில் மோதி, உள்ளே போவதற்குள் தூளாகிவிடுவது. மேலே சாசர் அளவுக்குக் காயம் தெரியும், உள்ளே நுரையீரல் பத்திரமாக இருக்கும். கொய்யோட்டி (நம்மூர் நரி மாதிரி), முயல் ரகத்துக்குச் செய்த பிளாஸ்டிக் மூக்கு 223 குண்டுகள் இப்படித்தான் செய்யும்.

ஆக ஒரு பக்கம் விரியாத குண்டு, இன்னொரு பக்கம் சீக்கிரம் விரிந்து செத்துப்போகிற குண்டு. நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது.

---

ஹூஸ்டன்_செல்வம்

அந்தக் கேடயத்தை உடைக்கத்தானே அண்ணே பெரிய துப்பாக்கி?

---

பழைய ரவை

வேகத்தைக் கூட்டினால் சில சமயம் இன்னும் மோசமாகும் செல்வம். ஜான் நோஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போனார். கையில் 300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்துக்குப் பெரிய துப்பாக்கி. சேறு அப்பிக் காய்ந்திருந்த ஒரு மூஸ் மேல் அடித்தால் குண்டு தோலோடு சிதறிவிட்டது. வேகம் அதிகம், குண்டு தாங்கவில்லை. திரும்பி வந்து, நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்து முன்னால் ஓர் ஈயம், பின்னால் ஓர் ஈயம் என்று குண்டு செய்தார். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி உள்ளே போகும். 1948இல் அதற்காகவே கம்பெனி ஆரம்பித்தார். இன்றைக்கும் பார்ட்டிஷன் என்று விற்கிறதே, அதுதான்.

சேற்றில் புரண்டு வெயிலில் காய்ந்த பன்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? அதேதான்.

---

வேட்டைக்காரி_ஹில்கன்ட்ரி

பழைய ரவை அண்ணா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ராத்திரியில் உடம்புச் சூட்டைக் காட்டுகிற தெர்மல் ஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு "முன்னங்காலின் பின்கோடு" தெரியவே தெரியாது. புல் முழங்கால் வரை இருந்தால் வெள்ளையாக ஒரு இட்லிதான் நகரும். தலை எந்தப் பக்கம் என்று தெரிவதற்கே அது நகர வேண்டும்.

நான் காதுக்குக் கீழேதான் வைக்கிறேன். சோளம் தின்னும்போது தலை ஒரே இடத்தில் நிற்கும். 80 கெஜத்துக்குள், முக்காலி போட்டு மட்டும். பட்டால் அங்கேயே உட்காரும், சப்பைக் கறியும் கெடாது. துப்பாக்கி 300 பிளாக்அவுட் என்கிற தோட்டா போடுவது, 110 கிரெய்ன் செம்புக் குண்டு, அந்த வேகத்துக்கென்றே செய்தது, வாயில் 2350 அடி.

இதே துப்பாக்கியில் சத்தம் வராத 220 கிரெய்ன் சப்சானிக் (ஒலியை விட மெதுவாகப் போகிற தோட்டா) போட்டு அடிக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். ஆயிரம் அடி வேகத்தில் சாதாரண குண்டு விரியவே விரியாது, கொங்குப்பையனின் எஃப்.எம்.ஜே. கதைதான். அதற்கென்று தனியாகச் செய்த குண்டு உண்டு, அதைப் போடுங்கள், இல்லையென்றால் காதுக்கு மஃப் மாட்டிக்கொள்ளுங்கள்.

---

பழைய ரவை

ஒத்துக்கொள்கிறேன் அம்மா, உன் கைக்கு. புதுசாக வருகிறவனுக்குக் காது வேண்டாம். தலையை ஆட்டிவிட்டால் தாடை உடைந்து போகும், தின்ன முடியாமல் ஒரு வாரம் கிடந்து சாகும். சப்பையில் நாலு விரல் தப்பினாலும் ஏதாவது ஒன்று உடையும்.

---

செம்புக்காசு

வேட்டைக்காரி செம்பு என்றதும் வந்துவிட்டேன். முழுச் செம்புக் குண்டு 1989இல் பார்ன்ஸ் எக்ஸ் வந்ததிலிருந்து இருக்கிறது. ஈயமே கிடையாது, உறை பிரிகிற பேச்சே இல்லை, எடையில் 95 சதவீதத்துக்கு மேல் அப்படியே நிற்கும். நாலு இதழ் விரித்த பூ மாதிரி வரும். கலிஃபோர்னியாவில் கான்டர் கழுகுகள் ஈயம் தின்று சாவதால் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. குண்டு போன வழியில் தூள் ஈயம் கறியில் கிடக்கும், வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்பது என் காரணம்.

குறை இரண்டு. விலை. அப்புறம், விரிவதற்கு வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகள் 1800, 2000 அடிக்குக் கீழே மூடிக்கொண்டே போய்விடும். அந்த எண்ணைக் கம்பெனியே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். செம்பு ஈயத்தை விட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், உள்ளே சுழல்வரியை மெதுவாக முறுக்கின பழைய குழலில் நிலையாகப் பறக்காது. 223இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய போல்ட் வைத்திருப்பவர்கள் கவனம். ஏ.ஆர்.களில் பெரும்பாலும் 7 அல்லது 9தான், கவலை இல்லை.

---

வைகைக்கரை

தேனிப் பக்கம் எங்கள் தோட்டத்திலும் பன்றித் தொல்லை தாங்கவில்லை. அப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. இதில் சொல்கிற குண்டு இங்கே கிடைக்குமா?

---

பழைய ரவை

குண்டு கிடைப்பது இருக்கட்டும் தம்பி, அங்கே நீயாகச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. வனத்துறையில் மனு கொடு, பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேள். யாராவது அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கிற வெடி) வைக்கலாம் என்றால் அந்தப் பக்கமே போகாதே. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்துத் தாடை கிழிந்து செத்த கதை நம் ஊர்க் காட்டில் கொஞ்சமா?

---

கொங்குப்பையன்_ஆஸ்டின் (மூன்று வாரம் கழித்து)

செய்தி சொல்ல வந்தேன். 308 வாங்கவில்லை. அதே ஏ.ஆர்., 62 கிரெய்ன் பான்டட் சாஃப்ட் பாயின்ட், அதாவது ஈயமும் உறையும் ஒன்றாக ஒட்டினது. இருபது தோட்டா விலை பழைய பெட்டியை நினைத்தால் வயிற்றெரிச்சல். அதில் ஏழு காகித இலக்கில் சுட்டுப் பார்ப்பதற்கே போனது, ஏனென்றால் 100 கெஜத்தில் இது பழைய குண்டை விட மூன்று அங்குலம் கீழே, ஓர் அங்குலம் இடது. ஸ்கோப்பை மாற்றாமல் போயிருந்தால் மறுபடியும் இங்கே வந்து அழுதிருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம், இருட்டுவதற்குள், 70 கெஜம். பெரியவர் சொன்ன மேட்டில் உட்கார்ந்தேன், பின்னால் குளத்துக்கரை. இரண்டு அடித்தேன். முதலாவது ஓர் ஆண், 170 பவுண்டு. முன்னங்காலின் பின்கோடு, மூன்றில் ஒரு பங்கு. நாலு எட்டு ஓடி, மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே விழுந்தது. கையுறை போட்டுத்தான் அறுத்தேன் (பன்றியிடமிருந்து தொற்றுகிற புருசெல்லா கிருமி பயம், மனைவியின் கட்டளை). நுரையீரல் இரண்டும் கூழ். குண்டு மறுபக்கச் சப்பையில் தோலுக்கு அடியில், கட்டை விரலால் அழுத்தினால் உருளுகிற மாதிரி இருந்தது. கத்தி நுனியால் கீறினேன், வெண்கல நிறத்தில் காளான் மாதிரி வெளியே வந்து விழுந்தது. ஓரத்தில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது.

நகை எடை போடுகிற குட்டித் தராசு வாங்கினேன். போகும்போது 62 கிரெய்ன், அதாவது 4.02 கிராம். வந்தது 3.6 கிராம்.

இரண்டாவது பெட்டை, ஓட ஆரம்பித்துவிட்டது, அவசரப்பட்டேன். குடலில் பட்டது. அதே நல்ல குண்டுதான். 150 கெஜம் தேடி மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று. வண்டி ஓட்டி வந்த இரண்டு மணி நேரமும் அதே நினைப்பு.

---

குயின்ஸ்லாந்து_கரும்பு

90 சதவீதம்! 223க்கு இதற்கு மேல் என்ன கேட்பது. கறி?

---

கொங்குப்பையன்_ஆஸ்டின்

பெட்டையின் பின்தொடை மட்டும் எடுத்தேன். தெர்மாமீட்டர் குத்தி 71 டிகிரி தாண்டுகிறவரை குக்கரில் வைத்து, அப்புறம் மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு போட்டு வறுவல். ஆண் கறி நாற்றம், பெரியவர் நாய்க்குக்கூட வேண்டாம் என்றார்.

---

ரைன்கரை_ஈழவன்

இஞ்ச எண்டா டிரிக்கினா (கறியில இருக்கிற ஒட்டுண்ணிப் புழு) சோதினை முடியாமல் ஒரு துண்டும் வாயில வைக்கேலாது. பவேரியாவில அதுக்கு மேல செர்னோபில் சீசியமும் அளக்கவேணும், கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு மேல போனா விக்கேலாது. நீங்கள் குடுத்து வச்சனீங்கள்.

---

கொங்குப்பையன்_ஆஸ்டின்

பழைய ரவை அண்ணா, ஒரு சந்தேகம். பெட்டைக்கு இரண்டாவது தடவை அடித்த குண்டு கிடைக்கவே இல்லை. கழுத்தில் நுழைந்த துளை தெரிகிறது, வெளியே வந்த துளை தெரியவில்லை. தலையைப் புதைத்துவிட்டோம்.

---

பழைய ரவை

நுழைந்த துளைக்கு நேர் எதிரே தோலைத் தடவிப் பார்த்தாயா? சதையையும் எலும்பையும் கடந்து வருகிற குண்டைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தோல்தான், ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுத்து நிறுத்திவிடும். உன் ஆண் பன்றியிலும் அங்கேதானே கிடைத்தது. அடுத்த தடவை உரிக்கும்போது தோலின் உள்பக்கம் ரத்தம் கட்டி நீலமாக இருக்கிற இடத்தைப் பார், அங்கே இருக்கும். அந்த 3.6 கிராமின் படத்தை இன்னும் போடவில்லையே?